பாலிஷ் போடுபவர் எங்கே?

சர்வீஸ் டிசைன் துறைக்கு மாறலாமான்னு ரெண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வழிகாட்டும் கட்டுரைகள் எல்லாம் ஒரே பட்டியலைத்தான் தருகின்றன: ஒரு சான்றிதழ், நாலு வரைபடம், ஒரு போர்ட்ஃபோலியோ. சரி, மூலத்துக்கே போவோம்னு லின் ஷோஸ்டாக் 1984-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையை எடுத்தேன். இன்று இத்துறையில் எல்லோரும் வரையும் 'சர்வீஸ் புளூபிரிண்ட்' பிரபலமானது அதிலிருந்துதான்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருமுனையில் ஷூ பாலிஷ் போடும் வேலை. தூசி தட்ட 30 விநாடி, பாலிஷ் தடவ 30, தேய்த்துப் பளபளப்பாக்க 45, காசு வாங்க 15. ஆக 2 நிமிடம். வாடிக்கையாளர் 5 நிமிடம் வரை பொறுத்துக்கொள்வார். தப்பான நிறத்தைத் தடவிட்டா? அந்த இடத்தையும், அதைச் சரிசெய்யும் வழியையும் படத்திலேயே குறித்துவிடுகிறார். கீழே 'பார்வைக் கோடு'. பாலிஷ் வாங்கி வைப்பது மாதிரி வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலைகள் அதற்கு அடியில்.

பிழை நடந்த பிறகு யோசிக்காமல் வரையும்போதே யோசிப்பது, நிரல் எழுதுபவனுக்கு உடனே பிடித்துப்போகும். நாற்பது வருஷம் ஆகியும் கட்டுரை பழசாகலை.

ஆனால் அந்தப் படத்தில் பாலிஷ் போடுபவர் எங்கே? விநாடிகளாக மட்டும் இருக்கிறார். தாமதம் கூடக்கூட லாபம் எப்படிக் குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு. குனிந்தே இருக்கும் முதுகுக்கு இல்லை. பார்வைக் கோடு வாடிக்கையாளர் பக்கமிருந்து மட்டும் போட்டது. 2008-ல் மேரி ஜோ பிட்னரும் சகாக்களும் விளக்கிய வடிவத்தில் ஊழியர் செய்வதற்குத் தனி வரிசைகள் உண்டு. அதுவும் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது. அவருக்கு என்ன ஆகிறது என்பதை அல்ல.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை இல்லை. சில வருஷம் முன்னாடி நாங்க ஒரு ஆன்லைன் விண்ணப்பம் செஞ்சோம். வாடிக்கையாளருக்கு அருமையா இருந்துச்சு. வேற ஒரு பிழையைப் பார்க்க அந்த அலுவலகத்துக்குப் போனப்பதான் தெரிஞ்சுது: அங்கே ஒரு அம்மா ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பிரிண்ட் எடுத்து, பழைய மென்பொருளில் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தினமும் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வீட்டுக்குப் போறாராம். "முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்"ன்னாங்க. எங்க வரைபடத்துல அவங்க ஒரு பெட்டி. உள்ளே 'சரிபார்த்தல்'னு எழுதியிருந்தோம். எழுதினது நான்தான்.

ஷோஸ்டாக் வங்கியிலிருந்து இதற்கு வந்தவர். 1977-ல் சேவைகளின் சந்தைப்படுத்தல் பற்றி எழுதியபோது சிட்டிபேங்கில் துணைத் தலைவர். சேவையை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். வழிகாட்டிகள் விட்டுவிடுவது இதைத்தான். என்னை மாதிரி துறை மாற நினைப்பவர்கள் வரையக் கற்றுக்கொள்ள ஒரு மாசம் போதும். கோட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரத்தான் பழக வேண்டும்.

என் போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கமா அந்த விண்ணப்பத்தைத்தான் வைக்கப்போறேன், அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து. அதைப் பார்த்து யாராவது வேலை கொடுப்பாங்களா, பார்ப்போம்.