கிரீடம் சூடிய டிஸ்கோ

ராஜா ராணி படத்துக்கு டிஸ்கோக்காரரை இசையமைக்க அழைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஹைதராபாத்தில் பத்மாலயா ஸ்டுடியோவை நடத்திய நடிகர் கிருஷ்ணாவுக்கு வந்தது. 1986இல் வெளியான 'சிம்ஹாசனம்' அவர் இயக்கிய முதல் படம், தெலுங்கின் முதல் 70 எம்எம் படம். பப்பி லஹரிக்கும் தெலுங்கில் அதுவே முதல் படம். 'டிஸ்கோ டான்ஸர்' (1982) வழியாக இந்தியாவையே ஆட்டிவைத்தவர் அவர். நம்மூரில் ஆனந்த்பாபு ஆட, அந்தக் கதைதான் 'பாடும் வானம்பாடி' ஆனது. பத்மாலயாவின் இந்திப் படமான 'ஹிம்மத்வாலா'வுக்கும் இசை அவரே. பழகிய கையைத்தான் கிருஷ்ணா நம்பினார்.

டிஸ்கோவின் நடை எளிமையானது. நாலு தட்டு, நாலும் ஒரே கனம்; பேஸ் டிரம் ஒன்றையும் விடாது. கால் தானாக ஆடும். ஆனால் மெட்டில் சரக்கு இல்லாவிட்டால் இரண்டாவது சரணத்துக்குள் சலித்துவிடும். பப்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பெற்றோர் இருவரும் பாடகர்கள். மூன்று வயதிலேயே தபலாவில் கை வைத்தவர். 'ஆகாசம்லோ ஒக தார' பாட்டைக் கேளுங்கள். எஸ்.பி.பி. கிருஷ்ணாவுக்குப் பாடாதிருந்த காலம் அது. ராஜ் சீதாராம் பாடினார், கூடவே பி. சுசீலா. எத்தனையோ இளவரசிகளுக்குக் குரல் தந்த சுசீலா இந்தப் புதுத் தாளத்தின் மேல் கொஞ்சமும் அவசரப்படாமல் நடக்கிறார். முதலில் மனதில் ஒட்டுவது மெட்டு. தாளம் அடியில் இருந்து தாங்குகிறது.

பகட்டு என்று இந்தப் படத்தையும் இசையையும் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்விஸ் பிரெஸ்லியைப் பார்த்துத்தான் தங்கச் சங்கிலி மேல் ஆசை வந்தது என்று பப்பியே சொல்லியிருக்கிறார். அந்தச் சங்கிலிகளையும் கறுப்புக் கண்ணாடியையும் கிருஷ்ணாவின் கிரீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே குடும்பம். அகன்ற திரை, ஆறு தட ஸ்டீரியோ ஒலி, ஜெயப்பிரதா, ராதா, மந்தாகினி: டிக்கெட் வாங்கியவருக்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்ற அக்கறைதான் அத்தனையும். கூத்து மேடையில் ராஜா வேடம் கட்டியவர் மின்னாமல் வந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

பிறகு 1991இல் 'கேங் லீடர்' வந்தது. தெலுங்கில் பப்பியின் பெரிய வெற்றி அதுதான் என்பார்கள். என் ஓட்டு 'சிம்ஹாசனம்' பக்கம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் நன்றாக இறங்கும் பெட்டியில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.