எலி சொன்னதும் சொல்லாததும்

தேர்வு நெருங்குகிறது. கை சில்லிடுகிறது, வயிறு கலங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மனத்தில் எழுந்த கவலை உடலை ஏன் ஆட்டி வைக்கிறது? இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் ஹான்ஸ் ஸெல்யே. 1956-இல் வெளிவந்த அவருடைய 'தி ஸ்ட்ரெஸ் ஆஃப் லைஃப்' என்னும் நூல், 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை எங்கும் பரப்பியது. அந்நூலை இன்று நாம் எவ்வாறு படிப்பது?

1936-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஸெல்யே தம் எலி ஆய்வின் முடிவை வெளியிட்டார். குளிர், காயம், மிகை உழைப்பு, மருந்து ஆகிய எதற்கு ஆட்படுத்தினாலும் எலிகளின் உடலில் மூன்று மாற்றங்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பி பருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டாயிற்று. துன்பம் எதுவாயினும் உடலின் மறுமொழி ஒன்றே என்று அவர் முடிவு கட்டினார்.

மனக் கலக்கத்துக்கு உடலில் சுவடு உண்டு என்பதைப் பாமரரும் உணரச் செய்தது இந்நூலின் பெருமை. ஆயினும் இதில் குறைகளும் உள.

முதலாவதாக, மறுமொழி ஒன்றே என்னும் கூற்று நிலைக்கவில்லை. ஜான் மேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளைப் பட்டினி போட்டார். ஆனால் சத்தற்ற, சுவையுள்ள உருண்டைகளைக் கொடுத்து அவற்றின் வயிற்றை நிரப்பினார். எதிர்பார்த்தபடி அட்ரினல் ஹார்மோன் பெருகவில்லை! பட்டினியைவிட, 'உணவு கிடைக்கவில்லையே' என்ற கலக்கமே உடலைப் பெரிதும் தாக்குகிறது என்பது இதிலிருந்து புலனாகிறது.

இரண்டாவது குறை நோயாளிகளை வருத்தியது. குடற்புண் வந்தவரிடம், "கோபத்தைக் குறையுங்கள், கவலையை விடுங்கள்" என்று பல்லாண்டுகள் அறிவுரை கூறப்பட்டது. பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் 1980-களில் ஒரு பாக்டீரியாவே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் எனக் காட்டினர். 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். மருந்தால் தீரக்கூடிய நோய்க்குத் தம் குணத்தையே நொந்துகொண்டவர் எத்தனை பேரோ!

மூன்றாவது, ஸெல்யே புகையிலைத் தொழிலிடமிருந்து ஆய்வுக்குப் பணம் பெற்றவர். அத்தொழிலின் உள் ஆவணங்கள் பின்னாளில் இதனை வெளிப்படுத்தின. மன அமைதிக்கு வழி சொல்பவர் யாராயினும், அவருக்குப் பொருள் தருபவர் யார் என்று கேட்பது நம் கடமை.

அப்படியானால் நூலை ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். இறுக்கமே இல்லாத வாழ்வு இல்லை என்று ஸெல்யே கூறியது இன்றும் உண்மை. தேர்வு நாளின் படபடப்பு நோயன்று. உடல் ஆயத்தமாகிறது என்பதன் அறிகுறி. ஆனால் வாரக் கணக்கில் உறக்கம் கெட்டு, பசி மறைந்து, எதிலும் விருப்பமற்றுப் போனால், "மனத்தை அடக்கு" என்ற அறிவுரை போதாது. அப்போது மருத்துவரை நாடுங்கள். வயிற்றுவலிக்கு மருந்து கேட்க நாணாத நாம், இதற்கு மட்டும் ஏன் நாண வேண்டும்?