மைக் பிடித்தவர் கையில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகளில் வாலிபர் ஐக்கியத்தின் தலையில் ஒரு வேலை விழும்: கிறிஸ்துமஸ் விருந்துக்கு ‘கேம்ஸ்’ போடுவது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் பட்டியல் அநேகமாக ஒன்றுதான். நாற்காலிப் போட்டி, பொட்டலம் கைமாற்றுவது, வேதாகம வினாடி வினா, பரிசுப் பரிமாற்றம், கடைசியில் கூட்டம் கலையாமல் இருக்க லக்கி டிரா. கேலி செய்வது சுலபம். ஆனால் ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசை தொடங்கும் வரை உள்ள நேரத்தை யாராவது நிரப்பித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் பூச்சோங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வந்தவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒதுங்கிவிடுவார்கள்.

இதற்கு இங்கே நல்ல மரபும் உண்டு. பள்ளிகளில் சுக்கானேகா, டெலிமேட்ச் என்று நடக்கும் வேடிக்கைப் போட்டிகளைச் சொல்கிறேன். சாக்கு ஓட்டம், கரண்டியில் பிங்பாங் பந்து, குவளையில் தண்ணீர் சுமந்து போத்தலை நிரப்புவது. தோட்டத்துத் திடலில் சாக்குக்குள் குதித்து வளர்ந்த தாத்தாவுக்கும் தேசியப் பள்ளியில் படிக்கும் பேரனுக்கும் விதிகளை விளக்க வேண்டியதே இல்லை. தமிழ் தெரியாத மருமகளும் முதல் சுற்றிலேயே சேர்ந்துகொள்வாள். சிக்கல் வானத்தில்தான். 2021-இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. அந்த மாதிரி வெள்ளம் வராத ஆண்டுகளிலும் சாயங்கால மழை உண்டு. அதனால் விளையாட்டு மண்டபத்துக்குள் வருகிறது. உள்ளே வந்ததும் அது மைக் பிடித்தவர் கைக்குப் போய்விடுகிறது.

பொட்டல விளையாட்டைப் பாருங்கள். பழைய நாளிதழ்த் தாள்களைச் சுற்றிச் சுற்றிப் பந்துபோல் ஆக்கிய பொட்டலம். பாட்டு நிற்கும்போது யார் மடியில் இருக்கிறதோ அவர் ஒரு சுற்றுத் தாளைப் பிரிக்க வேண்டும்; உள்ளே ஒரு சீட்டு. ‘ரஜினி மாதிரி நடந்து காட்டு’, ‘உன் வீட்டுக்காரரை வர்ணி’. துணிந்த பையனிடம் அது போனால் மண்டபம் அதிரும். போன மாதம் கல்யாணமாகி வந்த பெண்ணின் மடியில் நின்றால்? அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுக்கிறாள். நடத்துநர் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டச் சொல்கிறார். சுற்றியிருப்பவர்கள் அதைக் கூச்சம் என்று ரசிக்கிறார்கள். எனக்கு அது வற்புறுத்தலாகவே படுகிறது. ‘பாஸ்’ என்று சொல்லிப் பொட்டலத்தைத் தள்ளிவிடலாம் என்ற ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும், விளையாட்டு கெடாது. அதைச் சேர்ப்பவர்கள்தான் அரிது.

வினாடி வினாவின் குறை வேறு வகை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடு. இந்துக்கள் 86 விழுக்காடு. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவ வீட்டு விருந்தில் பெரியம்மா மகனோ பக்கத்து வீட்டு அக்காவோ இந்துவாக இருப்பது இங்கே சாதாரணம். ‘சாஸ்திரிகள் கொண்டுவந்த காணிக்கை என்ன?’ என்று கேட்டதுமே அவர்கள் விருந்தாளிகளிலிருந்து பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஞாயிறு பள்ளிக்கு அது பொருத்தமான கேள்வி, பொது விருந்துக்கு அல்ல.

அந்த இடத்தில் பாட்டுக்குப் பாட்டை வைத்துப் பார்க்கலாம். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற விளையாட்டு. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வாழ்ந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அது அந்நியமும் அல்ல. ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். தட்டை மடியில் வைத்தபடியே பாட்டி ஜெயித்துவிடுவார். கோயில் மண்டபத்தில் சினிமாப் பாட்டா என்று மூத்தவர் யாராவது முகம் சுளிக்கலாம், ஆங்கிலக் கேரல் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் திணறலாம். முதலாவதற்குப் போதகரின் ஒரு புன்னகை போதும். இரண்டாவதற்கு மேசைக்கு மேசை வயது கலந்து உட்காரவைக்க வேண்டும்.

லக்கி டிராவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிக்கெட் விற்று நடத்தினால் சூதாட்டத்தை அடியோடு மறுக்கும் மெதடிஸ்ட் மரபில் உறுத்தும். அளவோடு ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டைக் கத்தோலிக்கப் போதனை பாவமென்று சொல்வதில்லை. இரு தரப்பும் கலந்த விருந்தில் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்துவிடுவது மேல். பரிசுப் பரிமாற்றமோ, இத்தனை வெள்ளிக்குள் என்று வரம்பு வைத்தும், யாருக்கும் வேண்டாத குவளையும் புகைப்படச் சட்டமும் வீடு மாறுவதில்தான் முடிகிறது.

என் கணக்கில் இந்தப் பருவத்தின் சிறந்த விளையாட்டு பட்டியலிலேயே இல்லை: வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல். வெற்றி தோல்வி கிடையாது, பாடத் தெரியாதவன் கித்தார் பெட்டியைத் தூக்கலாம், சாண்டா கிளாஸ் வேடம் போட்டவனைப் பார்த்து அழும் குழந்தையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி. மண்டபத்துக்கு வர முடியாத படுக்கைப் பெரியவரின் அறை வரைக்கும் அது போகும். இந்து வீட்டுக் கதவும் திறக்கும், முறுக்குத் தட்டும் வரும். 2011 டிசம்பரில் கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்திடமும் போர்ட் கிள்ளான் புனித அன்னம்மாள் ஆலயத்திடமும் கேரல் பாடுவோரின் முழுப் பெயரையும் அடையாள அட்டை விவரத்தையும் காவல்துறை கேட்டபோது நாடளவில் கண்டனம் எழுந்தது, எழுந்தது நியாயமே. இன்று அதே அடையாள அட்டையைக் கொண்டோமினியக் காவல்சாவடியில் காவலாளி ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். இருபது பேர் வேனை விட்டு இறங்கி, பதிவேட்டில் பெயர் எழுதி, மின்தூக்கிக்குக் காத்திருந்து மேலே போவதற்குள் வீட்டுக்காரர் தூங்கிவிடுகிறார். இதற்கு எதிராக யாரும் அறிக்கை விடுவதில்லை. கேரல் இரவுகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். மிச்சமாகும் இரவில் மண்டபத்து விளையாட்டுக்குப் பரிசுப் பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.