முடிவெடுத்த பிறகு வரும் விழிப்புணர்வு

மரபணுத் திருத்தம் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் போதும், கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்ற வாதம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2025 மே 4-இல் கமலா, பூசா டிஎஸ்டி 1 என்ற இரு திருத்த நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தது அதற்குத் தெம்பு தந்திருக்கிறது. இரண்டும் அரசு ஆய்வகங்களில் உருவானவை. வேற்று உயிரின் மரபணு கலக்காதவை. கமலா, சம்பா மசூரியைவிட ஏறத்தாழ 20 நாள் முந்தி விளையும் என்கிறார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் இத்தகைய பயிர்களுக்குக் கடும் உயிரிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்களித்தது 2022 மார்ச் 30-இல் வந்த ஓர் அலுவலகக் குறிப்பாணை; மக்கள் கருத்துக் கேட்பு அல்ல. அதற்கு முன் பிடி கத்தரி என்ற மரபணு மாற்றக் கத்தரிக்காக 2010-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களை நேரில் கேட்டார். அதிலும் தமிழ்நாட்டு நகரமோ கேரள நகரமோ கிடையாது. கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள வெள்ளறடையின் ரப்பர் விவசாயி பேச நினைத்திருந்தால் பெங்களூருக்கு ரயிலேறியிருக்க வேண்டும்.

கேட்காததால் நட்டம் மக்களுக்கு மட்டுமல்ல, ஆய்வுக்கும்தான். ரப்பரைப் பாருங்கள். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மரபணு மாற்ற ரப்பர், திருத்தமல்ல, மாற்றம்தான், மரத்தில் பால் நின்றுபோகும் பட்டை மரப்பு நோயையும் வறட்சியையும் தாங்கும் என்ற எதிர்பார்ப்பில் பிறந்தது. களச் சோதனைக்குக் கேரள அரசு இணங்கவில்லை. 2021 ஜூனில் கன்று அசாமில் நடப்பட்டது. விஞ்ஞானியும் அரசும் எதிரெதிரே நின்ற அந்த விவகாரத்தில், விடியுமுன் தலைவிளக்குடன் மரத்துக்கு மரம் நடக்கும் ரப்பர் பால் வெட்டுக்காரர் எங்கே?

பட்டை மரப்பை முதலில் காண்பவர் அவர்தான். கத்தி போன தடத்தில் பால் பாதி தூரத்தில் நின்றுவிடும், சிரட்டை காய்ந்து கிடக்கும். ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரப்பர் ரகத்தில் இது அதிகம் என்பதும், தினமும் வெட்டினால் சீக்கிரம் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். கூலிக்காக ஏன் தினமும் வெட்ட நேர்கிறது என்பதும் தெரியும். நோய்க்கு மரபணு மருந்தா, வெட்டு முறை மருந்தா என்று அவரிடம் கேட்காமல் ஆய்வை எப்படித் தொடங்குவது? தொடங்கி முடித்துவிட்டுத் துண்டறிக்கை கொடுப்பது பங்கேற்பு ஆகாது, விளம்பரம்.

அடுத்த கன்றோ நெல்லோ ஆய்வகத்தில் தொடங்குமுன், வெள்ளறடை, பாறசாலை போன்ற எல்லையோரக் கிராம சபைகளில் தமிழிலும் மலையாளத்திலும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு கேளுங்கள்.