ஏட்டில் இறங்கிய நாதம்: எட்டயபுரத்து இரு தீட்சிதர்கள்

கருநாடக இசையில் ஒரு பாடலாசிரியரின் செல்வாக்கு அடுத்த தலைமுறையைச் சேர்வது பெரும்பாலும் வாய்ப்பாடத்தால்தான். குரு பாட, மாணவர் கேட்டு நெஞ்சில் இருத்திக்கொள்வதே நெடுநாள் வழக்கம். அதற்குத் துணையாக, பாட்டைச் சுரக்குறிப்பில், அதாவது சரிகமபதநி எழுத்துகளாலும் தாள அடையாளங்களாலும் எழுதிவைக்கும் முறையைப் பெருமுயற்சியாகச் செய்து காட்டியவர் எட்டயபுரம் அரசவை வித்துவான் சுப்பராம தீட்சிதர் (1839–1906). 1904இல் அவர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அம்முறையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே எடைபோட இடந்தருகிறது.

நூலின் உயிர்நாடி முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). திருவாரூரில் பிறந்த இவர் பீத்தோவனுக்கு ஐந்து ஆண்டு இளையவர். சென்னைப் பக்கம் மணலியில் வாழ்ந்த இளமையில் கோட்டையின் ஆங்கிலேய பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களைப் பொருத்தி ‘நோட்டுஸ்வர’ப் பாடல்களை இயற்றினார். வீணையின் நெடிய கார்வையும் விளம்ப காலமும் அவர் கிருதிகளின் இயல்பு. எட்டயபுரத்தில், தம்பி பாலுசுவாமி இருந்த ஊரில், அவர் மறைந்தார். அங்கு வரும் வழியில் வறண்ட கரிசலைக் கண்டு மனம் இளகி, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடி மழை பெய்வித்தார் என்ற கதை, மானம் பார்த்த இப்பூமியில் இன்றும் வழங்குகிறது.

சுப்பராமர் பிறந்தது முத்துசுவாமி மறைந்து நான்கு ஆண்டு கழித்து. எனவே முன்னவர் குரலை அவர் கேட்டதில்லை. தம்மைத் தத்தெடுத்த தாய்வழிப் பாட்டனார் பாலுசுவாமியின் வழியாகவே அந்த இசையைப் பெற்றார். தம் காலத்தோடு பாடம் மறைந்துவிடுமே என்ற கவலையோடு, அறிஞர் சின்னசாமி முதலியாரின் வற்புறுத்தலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர, முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகள் இந்நூலில் அச்சேறின.

இந்நூலின் தலையாய வலிமை கமகக் குறியீடுகளே. கமகம் என்பது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் ஒலிக்கும் நுட்பம். மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு சிறு கோடு ஏற்ற ஜாருவைக் காட்டும். விரல் வீணைத் தந்தியின்மேல் கீழ்ச்சுரத்திலிருந்து மேற்சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். ஒதுக்கல் என்பதோ, விரலை ஒரே மெட்டில் வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரத்தை எழுப்புவது. வெறும் எழுத்துக்கு எட்டாத இந்த வேறுபாட்டை ஏட்டில் ஏற்றியது அரிய சாதனை.

குறைகளும் உண்டு. கம்பிதம் என்னும் கமகத்தைக் குறிக்கும் நெளிகோடு சுரம் அசையும் என்கிறதே ஒழிய, எவ்வளவு அகலமாக, எத்தனை முறை என்று சொல்வதில்லை. தோடியின் காந்தாரமும் பைரவியின் காந்தாரமும் வேறுவிதமாக அசைவதைக் கேட்டறிந்தவருக்கே அந்தக் கோடு பேசும். மேலும், ஒரு குடும்பத்தின் பாடமே அச்சின் வலுவால் ஒரே பாடமாக எண்ணப்படும் அபாயமும் இருக்கிறது. நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்ததால், வீட்டில் தெலுங்கு பேசினாலும் தமிழிலேயே எழுதப் படிக்கும் குடும்பங்கள் பல வாழும் இக்கரிசல் வட்டாரத்துக்கே அது எளிதில் எட்டவில்லை. சென்னை மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு 1961இல்தான் வரத் தொடங்கியது.

பிறர் இசையைப் பதிப்பித்தோருக்குக் கிடைக்கும் புகழ் ஒரேபோல் இருப்பதில்லை. ஐரோப்பாவில் இசையமைப்பாளர் ஷூமானின் முழுப் படைப்புகளைப் பதிப்பிக்க அவர் மனைவி கிளாராவுக்குத் துணைநின்ற இசையமைப்பாளர் பிராம்ஸ், தம் இசையாலேயே பெரும்புகழ் பெற்றார். சுப்பராமரோ ராகங்களின் போக்கை விளக்கும் சஞ்சாரிகளையும் வர்ணங்களையும் திறம்பட இயற்றியிருந்தும், முன்னவரின் காவலராகவே நினைக்கப்படுகிறார். அவர் மறைந்தபோது இரங்கற்பா பாடிய எட்டயபுரத்துப் பாரதி, அவரைக் கலைஞராகவே கண்டார். அந்தப் பார்வை பின்னாளில் மங்கியது வருந்தத்தக்கது.

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னையில் நேரில் கற்பித்த பிறகே, டி. கே. பட்டம்மாள் போன்றோர் குரலில், ஏட்டில் இருந்த முத்துசுவாமியின் கிருதிகள் பரவலாக ஒலித்தன. பெய்த மழையைக் கண்மாய் தேக்கி வைத்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்கு நீர் பாயும் என்பது இவ்வட்டாரத்து உழவர் அறிந்த உண்மை. சுப்பராமரின் நூல் அத்தகைய கண்மாய் என்றால், கற்பிக்கும் குரலே அதன் மடை.