ஆரக்கிள் எண்டர்பிரைஸ் மேனேஜர்: எச்சரிக்கை எல்லைகள்

ஆரக்கிள் எண்டர்பிரைஸ் மேனேஜர், பல தரவுத்தளச் சேவையகங்களை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க உதவும் மென்பொருள். அளவீடுகளுக்கு எச்சரிக்கை, அபாயம் என இரண்டு எல்லைகளை இதில் அமைக்கலாம். டேபிள்ஸ்பேஸ் எனப்படும் சேமிப்புப் பகுதிக்கு இயல்பாக அமைந்த எல்லைகள் 85, 97 விழுக்காடு.

மதிப்பீடு

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தின் உப்பளங்களை இதனுடன் ஒப்பிடலாம். உப்புநீர் சுமார் 25 போமே பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும்; அதற்குள் நீரை வடிக்க வேண்டும். இவை செறிவின் அளவுகள். ஆகவே பாத்தி சிறிதானாலும் பெரிதானாலும் மாறுவதில்லை.

சேமிப்பிடத்தின் விழுக்காடு அத்தகையதல்ல. 10 டெராபைட்டில் 85 விழுக்காடு நிரம்பிய பின்னும் 1.5 டெராபைட் மீதமிருக்கும். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வீண். 1 ஜிகாபைட்டில் 97 விழுக்காடு நிரம்பினால் எஞ்சுவது சுமார் 30 மெகாபைட். ஒரே தரவேற்றத்தில் அது தீர்ந்து புதிய பதிவுகள் நின்றுபோகலாம். வீண் எச்சரிக்கைகள் குவியும்போது நிர்வாகி அனைத்தையும் புறந்தள்ளப் பழகுகிறார். உண்மையான அபாயமும் அவற்றோடு கவனிக்கப்படாமல் போகிறது.

மீதமுள்ள இடத்தையே எல்லையாக வைக்கவும், பராமரிப்பு நேரத்தில் 'பிளாக்அவுட்' மூலம் அறிவிப்புகளை நிறுத்தவும் இதில் வழியுண்டு. எனவே குறை வசதிகளில் இல்லை, மாற்றாமல் விடப்படும் இயல்பு எண்களில் உள்ளது. ஒரே வார்ப்புருவைப் பல சேவையகங்களுக்குப் பொருத்தும் வசதி அக்குறையை எல்லா இடத்துக்கும் பரப்பிவிடுகிறது. ஒவ்வொரு டேபிள்ஸ்பேஸும் நாளொன்றுக்கு எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தபின் எல்லை வைப்பதே பயனுள்ள முறை.