நோய்ப்பெயரும் ஆட்பெயரும்

உயர்திணைப் பொருளைக் குறித்து நிற்பினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொகுத்துரைக்கின்றார். உறுப்பின் கிளவி அவற்றுள் ஒன்று. குருடு, முடம் போல்வன அதன்பாற்படும். குறையே ஆளின் பெயராயவிடத்து, ஆளுக்குரிய வினைமுடிபும் நீங்கி, 'முடம் வந்தது' என்றாகின்றது. 'பைத்தியம் வருகிறது' என்னும் இன்றைய தெருவழக்கும் இவ்வமைப்பினதே. ஆதலின், மனநோயுற்றாரைக் குறிக்கும் சொற்களை ஆராய்தல் மருத்துவர்க்கேயன்றித் தமிழாய்வார்க்கும் கடனாகும்.

பழஞ்சொல்லை நீக்கிப் புதுச்சொல் வழங்கின் இழிவு அகலும் என்பர் ஒருசாரார். இது மங்கல வழக்கினை ஒத்த நெறி. இதன் பயன் சிறிதே. சென்னையில் 1794-இல் பித்தர் காப்பகமாகத் தோன்றிய நிலையம் 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை எனவும், 1978-இல் மனநல நிலையம் எனவும் பெயர் மாறிற்று. ஆயினும், அஃது அமைந்த கீழ்ப்பாக்கத்தின் பெயரே வசையாகிவிட்டது. மறுதலையாக, சுந்தரர் வசையாகக் கூறிய 'பித்தன்' என்னும் சொல்லே பின்னர்ப் போற்றியாயிற்று என்பது பெரியபுராண வரலாறு. எனவே, இழிவு சொல்லின் ஒலியில் இல்லை. அதனை ஆளும் முறையிலேயே உள்ளது.

ஆளை முன்னும் நோயைப் பின்னும் நிறுத்துக என்பது மற்றொரு சாரார் கொள்கை. இஃது ஆங்கிலத்திற்குப் பொருந்தும். இந்தியாவில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் எனப் பொருள்படும் சொல்லை ஆண்டது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் நோயை அடையாக்கி ஆளுக்கு முன் வைத்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஆளை முன்வைத்தது. தமிழிலோ அடை என்றும் பெயருக்கு முன்னரே நிற்கும். பின்னிரண்டையும் பெயர்ப்பின் 'மனநோயுள்ளவர்' என ஒன்றாகவே முடியும். ஆகலின், அயன்மொழியின் சொன்முறையை ஈண்டுப் புகுத்துதல் பயனற்ற முயற்சி என்க.

தமிழுக்குரிய வழி வேறு. வினையாலணையும் பெயர் காலம் காட்டும்; ஏனைப் பெயர் காட்டாது. 'மனநோயாளி' என்பது நோயை ஒருவரின் நீங்காத் தன்மையாக்குகின்றது. 'மனச்சிதைவுக்கு மருத்துவம் பெறுகின்றவர்' என்பது நிகழ்வையும், 'பெற்றவர்' என்பது இறப்பையும் உணர்த்தும். தொழிலாளி முதலியவற்றில் இழிவின்மையின், 'ஆளி' என்னும் ஈறு குற்றமுடையதன்று. காலங்காட்டாமையே ஈண்டுக் குற்றம். நலம்பெற்று இல்லம் மீண்டவரை முன்னைப் பெயராலேயே சுட்டும்போது, அவர்தம் மீட்சியை நம் மொழியே மறுத்துவிடுகின்றது. அப்பெயர்க்கு அஞ்சி மருத்துவரை நாடாது காலந்தாழ்த்துவாரும் உளர்.

தொடர் நீளும் எனத் தடை கூறுவார்க்கு நம் விடை இது: நோயைப் பேசவேண்டாவிடத்து இயற்பெயரே போதும், அதனினும் சுருங்கியது பிறிதில்லை. பேசவேண்டுமிடத்து, எச்சொல் தமக்கு இசைவு என்பதை அவரையே வினவி அறிதல் தகும். புதினப் பாத்திரங்களைப் 'பைத்தியம்' என எழுதிச் செல்லும் நம் ஆய்வுரைகளிலிருந்தே இத்திருத்தம் தொடங்குக. உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே என்று கற்பிக்கும் நாம் அத்திணையினின்று ஒருவரையும் விலக்குதல் முறையன்று.